குற்றவாளி யார்?

கொலைக்கதை படித்தல் ஒழுக்கத்திற்குக் கேடென்பர் நம்மவருள் சிலர். வெறும் பொழுதுபோக்குத்தானே என்பர் வேறு சிலர். இரு சாராரும் கேளாது விட்ட கேள்வி ஒன்றுண்டு: கதையின் இறுதியில் விலங்கு பூட்டப்படுகிறவன் ஒருவன் மட்டுந்தானா குற்றவாளி?

ஜே. ஆர். ரங்கராஜுவின் துப்பறியும் கோவிந்தனும், வடுவூர் துரைசாமி ஐயங்காரின் திகம்பர சாமியாரும் நம் பாட்டன்மாரை இரவெல்லாம் விழிக்க வைத்தவர்கள். அத்தகைய கதைகளில் கயவன் பிடிபட்டதும் ஊர் தூய்மையாகிவிடும். வாசகன் விளக்கையணைத்து நிம்மதியாக உறங்கலாம்.

நிற்க. சுவீடன் தேசத்து மாய் ஷோவால், பேர் வாலோ என்னும் வாழ்க்கைத் துணைவர் இருவர், 1965 முதல் 1975 வரை பத்துத் துப்பறியும் நாவல்களைச் சேர்ந்தெழுதினர். அவர்களுடைய மார்ட்டின் பெக் மாயவித்தைக்காரரல்லர். வயிற்றுக் கோளாறும் குடும்பச் சலிப்பும் உடைய சாதாரணப் போலீஸ் உத்தியோகஸ்தர். 1970இல் வெளிவந்த அவர்களது நாவலொன்றில், மால்மோ நகரத்துச் சவோய் விடுதியில் விருந்துண்ணும் பெருமுதலாளி ஒருவர் சுடப்படுகிறார். முடிவை முன்னரே கூறுதல் இவ்வகைக் கதைக்குத் துரோகமே. ஆயினும் நம் கேள்வி அதனுள் அடங்கியிருப்பதால் கூறுகிறேன். சுட்டவன், அம்முதலாளியின் நிறுவனங்களால் வேலையும் வீடும் இழந்து, குடும்பமும் சிதைந்தவன். அவனைப் பிடித்த பெக்குக்கு மகிழ்ச்சியில்லை.

வேலை போனால் வீடும் போகும் என்பதை நம்மவர்க்கு யாரும் விளக்க வேண்டுவதில்லை. லயத்து வீடு தோட்டத்தாருடையது. 1941இல் கிள்ளான் வட்டாரத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது கேட்டவை யாவை? கூலி உயர்வு, கள்ளுக்கடை ஒழிப்பு, துரையைக் கண்டால் சைக்கிளை விட்டிறங்கும் இழிவு நீங்குதல். அதற்காக ஆர். எச். நாதன் நாடு கடத்தப்பட்டார். துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் மாண்டனர். அன்றைய சர்க்கார் ஏட்டில் குற்றவாளிகள் சைக்கிளில் சென்றவர்களே!

இதனால், பழியெல்லாம் சமுதாயத்தினுடையது என்று சுட்ட கையை விடுவித்தல் நேர்மையாகுமா? ஆகாது. வீடிழந்த ஆயிரவருள் துப்பாக்கி எடுத்தவன் ஒருவனே. சுவீடன் ஆசிரியரும் அவனை விடுவிக்கவில்லை. பழியைப் பங்கிட்டனர், அவ்வளவே. பிந்திய நூல்களில் பிரசங்கம் மிகுந்துவிட்டது. அஃது எனக்கு உவப்பன்று.

ஆகவே, 1965இல் வந்த முதல் நாவலாகிய 'ரோசன்னா'விலிருந்தே தொடங்குக. பின்னர் ஹென்னிங் மாங்கெல் 1991இல் எழுதிய முதல் வாலண்டர் நாவலுக்குச் செல்லலாம். சாகுந்தறுவாயில் ஒரு கிழவி உச்சரித்த 'அந்நியர்' என்ற சொல்லால், அகதிகள்மீது பகை மூளும் கதை அது; குடியேறிய மக்களின் வழிவந்தோர் அவசியம் படிக்கத்தக்கது.

இவை ஆங்கிலத்தில் கிடைக்கின்றன. பிரிக்பீல்ட்ஸிலும் கிள்ளானிலும் ஆங்கிலம் கற்ற பிள்ளைகள் இவற்றைப் படித்து, லயத்தில் வாழ்ந்த தங்கள் பெரியோர்க்குக் கதையாகச் சொல்வார்களாக. சவோய் விடுதிக் கதையில் விலங்கு பூட்டுமிடம் வந்ததும் சற்றே நிறுத்தி, பாட்டி என்ன சொல்கிறாரென்று கேட்டறிக.