தானியேல் எந்த குரூப் எடுத்தான்?



பத்தாம் வகுப்பு ரிசல்ட் வருகிற சமயத்தில் நம்முடைய ஜெபக்குறிப்புச் சீட்டுகள் எல்லாம் ஒரே மாதிரி ஆகிவிடும். நல்ல குரூப் கிடைக்க வேண்டும், நல்ல ஹாஸ்டல் பள்ளிக்கூடத்தில் சீட் கிடைக்க வேண்டும், ஃபீஸுக்குக் கர்த்தர் வழி திறக்க வேண்டும். அப்படி ஒரு ஞாயிறு, ஆராதனை முடிந்து பாய்களைச் சுருட்டிக்கொண்டிருந்தபோது ஒரு குடும்பம் தயங்கி நின்றது. தறி நெய்கிற குடும்பம். தகப்பன் சொன்னார்: "ஐயா, எங்க பொண்ணு காமர்ஸ் குரூப்தான் எடுப்பேன்னு அடம் பிடிக்குது. நாங்க பயாலஜி எடுக்கச் சொல்றோம். பெத்தவங்களுக்குக் கீழ்ப்படியணும்னு வேதத்துல இருக்குல்ல, நீங்க கொஞ்சம் எடுத்துச் சொல்லுங்க." அவர் முடிக்கிறதற்குள் தாயார், "அந்த ஸ்கூல்ல ஞாயித்துக்கிழமையும் டெஸ்ட் வைக்கிறாங்களாம் ஐயா. சபைக்கு அனுப்பமாட்டாங்களாம். அதுக்கும் ஒரு வழி சொல்லுங்க" என்றார்கள்.

கவனித்தீர்களா? ஒரே மூச்சில் இரண்டு கேள்வி. முதல் கேள்வியில் பிள்ளை கீழ்ப்படிய வேண்டும். இரண்டாவது கேள்வியில் அதே பிள்ளை கீழ்ப்படியாமல் இருக்க ஒரு வழி வேண்டும். அவர்களைக் குற்றப்படுத்த இதை எழுதவில்லை. நம்மில் அநேகர் இப்படித்தான் கேட்கிறோம். ஆனாலும் யார் சொன்னால் கேட்க வேண்டும், எதுவரை கேட்க வேண்டும் என்று பதினைந்து வயதுப் பிள்ளை நம்மிடம் திருப்பிக் கேட்டால் என்ன பதில் வைத்திருக்கிறோம்?

முதலில் குரூப் காரியம். தகப்பனுடைய பயத்தை நான் லேசாக நினைக்கவில்லை. ஆரணிக்காரருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பாவு தறியில் ஏறிவிட்டால் ஏறினதுதான். எத்தனை இழை, என்ன நிறம், எவ்வளவு நீளம் என்பதெல்லாம் முன்னமே முடிவான காரியம். ஊடையில் நிறத்தை மாற்றலாம், பாவை மாற்ற முடியாது. ப்ளஸ் ஒன் குரூப்பும் ஏறக்குறைய அப்படித்தான் இருக்கிறது. பயாலஜி இல்லாமல் நீட் எழுத முடியாது. 2017 முதல் நம்முடைய மாநிலத்தில் நீட் இல்லாமல் டாக்டர் படிப்பு கிடையாது. மேத்ஸ் எடுக்காத பிள்ளைக்கு இஞ்சினியரிங் கடினம். ஆகவே ஒரு கதவு பதினைந்து வயதிலேயே சாத்தப்படுகிறது, அதைத் தன் பிள்ளை விளையாட்டாகச் சாத்திவிடுமோ என்று தகப்பன் நடுங்குகிறார்.

இன்னொன்றும் உண்டு. இந்த ஊரில் ஐம்பது வயதைத் தாண்டின நெசவாளிகளில் எத்தனை பேர் எந்தப் பாடத்தையும் தெரிந்துகொள்ளாமலே வளர்ந்தவர்கள்! வீட்டில் முன்பணம் வாங்கியிருப்பார்கள், பிள்ளை தறியில் போய் உட்காரும், கரை நாடாவை இந்தப் பக்கமிருந்து தள்ளிக்கொடுக்கும். அதற்கு குரூப்பும் இல்லை, ஹாஸ்டலும் இல்லை. அப்படி வளர்ந்த ஒருவர் வட்டிக்குக் கடன் வாங்கிப் பிள்ளையை ஹாஸ்டலில் சேர்க்கும்போது, "எனக்குக் கிடைக்காதது இதுக்குக் கிடைக்கணும்" என்று சொல்லுவது பேராசை அல்ல. அந்தப் பிள்ளை உட்கார்ந்து அவர் சொல்வதை முழுக்கக் கேட்க வேண்டும். அவ்வளவு கடன் பிள்ளைக்கு இருக்கிறது. ஆனால் கேட்ட பிறகு முடிவு யாருடையது?

இந்த இடத்தில் நம்மவர்கள் அன்னாளைக் காட்டுவார்கள். பிறப்பதற்கு முன்னே பிள்ளையைப் பொருத்தனை பண்ணினாள், பால் மறந்ததும் சீலோவில் கொண்டுபோய் விட்டாள். நானும் என் மகளை டாக்டராக்குகிறேன் என்று பொருத்தனை பண்ணியிருக்கிறேன் என்பார்கள். சரி, அந்தச் சரித்திரத்தை 3-ஆம் அதிகாரம் வரைக்கும் வாசியுங்கள். ஆலயத்தில் வளர்கிற அந்தப் பையனை இரவில் ஒரு சத்தம் கூப்பிடுகிறது. அது அன்னாளிடம் வரவில்லை. அவள் ராமாவில் இருக்கிறாள், வருஷத்துக்கு ஒரு சின்னச் சட்டை தைத்துக்கொண்டு வந்து பார்த்துப் போகிறாள். பையனை வளர்க்கிற ஏலியிடமும் வரவில்லை. பையன் மூன்று தரம் ஏலியிடம் ஓடிவருகிறான். கீழ்ப்படிதலுள்ள பிள்ளை, தூக்கத்திலும் ஓடிவருகிறது. மூன்றாவது தரம் ஏலிக்குப் புரிகிறது, கூப்பிடுகிறது நான் இல்லை என்று. கண் மங்கிப்போன அந்தக் கிழவர் தன் வீட்டில் எவ்வளவோ தவறியிருந்தாலும் இந்த ஒன்றைச் சரியாகச் செய்தார். போய்ப் படுத்துக்கொள், மறுபடி கூப்பிட்டால் நீயே பதில் சொல் என்று அனுப்பிவிட்டார். பெற்றோர் பொருத்தனை பிள்ளையை வாசல்மட்டும் கொண்டுபோய் விடுகிறது. அதற்கு அப்பால் அந்தப் பிள்ளைதான் பதில் சொல்ல வேண்டும். எபேசியர் 6-ல் பிள்ளைகளுக்குச் சொல்லிய கட்டளையோடு, பிள்ளைகளை எரிச்சலூட்ட வேண்டாம் என்று தகப்பன்மாருக்கும் ஒரு கட்டளை இருக்கிறது. நாம் முந்தினதை மட்டும் மனப்பாடமாக வைத்திருக்கிறோம்.

டாக்டர் ஐடா ஸ்கடர் அம்மாவின் சரித்திரத்தையும் இதற்கு எடுத்துச் சொல்லுவார்கள், பக்கத்து வேலூர்தானே. அவர்களை யாரும் பயாலஜி எடுக்கச் சொல்லி அடம் பிடிக்கவில்லை ஐயா! மிஷனரி ஆகவே மாட்டேன் என்றிருந்தவர்கள். திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று பெண்கள் பிரசவத்தில் வைத்தியமின்றிச் செத்ததைக் கண்டபிறகுதான் படிப்பைத் தெரிந்துகொண்டார்கள்.

நீங்கள் அவ்வளவாகக் கேள்விப்படாத பக்கம் ஒன்று பண்டித ரமாபாய் அம்மாவின் சரித்திரத்தில் இருக்கிறது. 1905-ல் முக்தி மிஷனில் உண்டான எழுப்புதலை நம்முடைய கன்வென்ஷன்களில் கேட்டிருப்பீர்கள். அதற்கு இருபது வருஷத்துக்கு முன்னால் அவர்களே ஹாஸ்டல் மாணவி. 1883-ல் கைக்குழந்தைப் பருவம் தாண்டாத மகளோடு இங்கிலாந்து போனார்கள், டாக்டருக்குப் படிக்க வேண்டும் என்ற வாஞ்சையோடு. காது சரியாகக் கேட்கவில்லை என்று தெரிந்ததும் அந்தக் கதவு சாத்தப்பட்டது. வேறு பிள்ளையாயிருந்தால் உடைந்துபோயிருக்கும். அவர்கள் செல்ட்டன்ஹாம் பெண்கள் கல்லூரியில் கணிதமும் விஞ்ஞானமும் ஆங்கிலமும் படித்தார்கள், அங்கேயே சமஸ்கிருதமும் கற்றுக்கொடுத்தார்கள். டாக்டர் ஆகவில்லை. பின்னாளில் கைவிடப்பட்ட ஆயிரக்கணக்கான பெண்களுக்கு வீடாகிய ஒரு பள்ளியைக் கட்டினார்கள்.

அவர்களைச் சேர்த்துக்கொண்ட வாண்டேஜ் மடத்துச் சகோதரிகளுக்கும் அவர்களுக்கும் இழுபறி இருந்தது. ஞானஸ்நானம் பெற்ற பிறகும் மாமிசம் சாப்பிடவில்லை. இது பழைய ஜாதிப் பெருமை என்று நினைத்தவர்கள் உண்டு. சிலுவையில் இலத்தீன் எழுத்து எனக்கு எதற்கு, சமஸ்கிருதத்தில் இருக்கட்டும் என்றார்கள். மனச்சாட்சியை ஒருவர் கையில் ஒப்படைத்துவிட முடியாது என்று கடிதம் கடிதமாக வாதாடினார்கள். அதே அம்மா 1889-ல் பம்பாயில் சாரதா சதன் என்று விதவைப் பெண்களுக்கு ஒரு விடுதிப்பள்ளி திறந்தபோது என்ன விதி வைத்தார்கள் தெரியுமா? எந்தப் பெண்ணையும் கிறிஸ்தவ ஜெபத்துக்குக் கட்டாயப்படுத்தக் கூடாது, அவரவர் ஆசாரப்படி சமைத்துச் சாப்பிடலாம். தன் மகளோடு தன் அறையில் ஜெபிப்பார்கள், கதவைச் சாத்துவதில்லை, அவ்வளவுதான். பெண்பிள்ளைகள் தாங்களாகவே வந்து உட்கார ஆரம்பித்தார்கள். 1893-ல் அது பெரிய சண்டையாகி, பல வீட்டார் வந்து பெண்களை அழைத்துக்கொண்டு போனார்கள். கதவைச் சாத்தியிருந்தால் பிரச்சினை முடிந்திருக்கும். உள்ளே இழுத்து உட்காரவைத்திருந்தால் அவர்களுடைய வாக்கு பொய்யாகியிருக்கும். இரண்டையும் செய்யவில்லை, நஷ்டத்தை ஏற்றுக்கொண்டார்கள். விடுதி நடத்துகிற நம்முடைய சகோதரர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசிக்கலாம்.

இப்பொழுது தானியேலுக்கு வருவோம். தானியேல் 1-ஆம் அதிகாரத்தை நான் ஒரு ஹாஸ்டல் அதிகாரம் என்றுதான் சொல்லுவேன். மூன்று வருஷப் படிப்பு. தங்குமிடம், சாப்பாடு ராஜாவின் செலவு. கடைசியில் ராஜாவுக்கு முன்பாக வாய்மொழிப் பரீட்சை. எந்த குரூப் என்று தானியேலிடம் யாரும் கேட்கவில்லை. கல்தேயருடைய எழுத்தும் பாஷையும் என்று மேலேயிருந்து முடிவாகி வந்தது. கல்தேயருடைய படிப்பில் நட்சத்திரம் பார்ப்பதும் குறி சொல்வதும் கலந்தே இருந்திருக்கும். தானியேல் முறுமுறுக்கவில்லை, உட்கார்ந்து படித்தான். பேரையே மாற்றினார்கள், பெல்தெஷாத்சார், அதில் அவர்களுடைய தேவனின் பேர் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அட்டெண்டன்ஸ் ரிஜிஸ்டரில் அந்தப் பேரைக் கூப்பிட்டால் "உள்ளேன்" என்றுதான் சொல்லியிருப்பான். தமிழ்ப் புத்தகத்தில் கடவுள் வாழ்த்துச் செய்யுள் வருகிறது, பயாலஜியில் பரிணாமம் வருகிறது, பிள்ளை படிக்கலாமா என்று கேட்கிறவர்கள் இதை வாசிக்க வேண்டும்.

ஒரே ஒரு காரியத்தில் நின்றான். ராஜாவின் போஜனம். அதில் என்ன தீட்டு என்று வேதம் விவரிக்கவில்லை. அந்த ஒன்று அவன் இருதயத்தில் தீர்மானமாயிருந்தது. எல்லாவற்றிலும் நிற்கிறவனை வார்டன் கலகக்காரன் என்பான், அதில் தவறில்லை. நாலரை மணிக்கு மணி அடிக்கிறான், பத்து மணிக்கு விளக்கை அணைக்கிறான், போனை வாங்கி வைக்கிறான், சாம்பாரில் காய் இல்லை. இதெல்லாம் உபத்திரவம் அல்ல தேவபிள்ளைகளே! நூறு பிள்ளைகள் ஒரே கூரையின் கீழ் இருக்க வேண்டுமானால் சிலது வேண்டும்.

அவன் நின்ற விதத்தைப் பாருங்கள். தட்டைத் தள்ளிவிடவில்லை, போய்க் கேட்டான். பிரதானிகளின் தலைவன், நீங்கள் வாடிப்போனால் ராஜா என் தலையை எடுத்துவிடுவாரே என்றான். அது நியாயமான பயம். எந்த வார்டனுக்கும் அப்படி மேலே ஒருவன் இருக்கிறான். தானியேல் அந்தப் பயத்தை அலட்சியம் பண்ணாமல், கீழே இருக்கிற மேல்ஷாரிடம் சிறிய அளவில் ஒன்றைக் கேட்டான். பத்து நாள் மட்டும், பருப்பும் தண்ணீரும், பிறகு நீரே எங்கள் முகத்தைப் பார்த்து முடிவு பண்ணும். நஷ்டம் வந்தால் அவருக்கு வராதபடி பத்து நாளில் அடக்கிவிட்டான்.

ஞாயிறு டெஸ்டுக்கும் இதுதான் நான் அறிந்த வழி. பிள்ளையை முன்னால் தள்ளாமல் தகப்பனே போக வேண்டும். ஞாயிறு காலை இரண்டு மணி நேரம், அந்த டெஸ்டைச் சனிக்கிழமை இரவு எழுதட்டும், ஒரு மாதம் பாருங்கள், மார்க் குறைந்தால் நாங்களே விட்டுவிடுகிறோம் என்று எழுத்தில் கேளுங்கள். சில இடத்தில் இறங்கி வருவார்கள். இறங்காவிட்டால்? மேல்ஷார் முடியாது என்றிருந்தால் தானியேல் என்ன செய்திருப்பான் என்று வேதம் சொல்லவில்லை. சிங்கக் கெபியைக் காட்டாதீர்கள், அது அவன் முதிர்வயதில், அவனே ஏற்றுக்கொண்ட பாடு. நம்முடைய மனச்சாட்சிக்காகப் பதினைந்து வயதுப் பிள்ளை சுவரேறிக் குதித்து டிஸ்மிஸ் ஆவது எனக்கு நியாயமாகப் படவில்லை. ஃபாரத்தில் கையெழுத்துப் போட்டவர் தகப்பன். விதி பொறுக்காவிட்டால் அவர் பிள்ளையை அழைத்துவந்து வேறு பள்ளியில் சேர்க்கட்டும், கட்டின பணம் போகட்டும்.

ஆனால் நாம் கண்டுபிடித்த வழி வேறே. "பாட்டி சீரியஸ், உடனே அனுப்பவும்." உபவாசக் கூட்டம் வந்தால் நம்முடைய சபைப் பாட்டிமார் எத்தனை பேர் சீரியஸ் ஆகிறார்கள்! மூன்றாம் நாள் அந்தப் பாட்டி முதல் வரிசையில் கைதட்டிப் பாடுகிறார்கள். பிள்ளை பக்கத்தில் நிற்கிறது. அதற்குத் தெரியும், வார்டனிடம் கொடுத்த லீவு லெட்டரில் என்ன எழுதியிருந்தது என்று. அந்தக் கூட்டத்தில் அபிஷேகம் பெற்றாலும், பெரிய காரியத்துக்காகச் சின்னப் பொய் சொல்லலாம் என்ற பாடத்தையும் அதே கூட்டத்தில் பெற்றுக்கொண்டுதான் ஹாஸ்டலுக்குத் திரும்புகிறது. பள்ளிகளும் இதில் பரிசுத்தர் அல்ல. சில ஹாஸ்டல் பள்ளிகள் ப்ளஸ் ஒன் புத்தகத்தைத் திறக்காமலே இரண்டு வருஷமும் ப்ளஸ் டூ பாடத்தை உருப்போட வைத்தார்கள். அரசாங்கம் 2017-18-ல் ப்ளஸ் ஒன்னுக்கும் பொதுத்தேர்வு கொண்டுவந்ததற்கு அது ஒரு காரணம். விதி விதி என்று பிள்ளையை அதட்டுகிறவர்கள் பாடத்திட்டம் என்கிற விதியை மதிக்கவில்லை.

சேர்க்கிறதற்கு முன் சில காரியங்களை விசாரித்துக்கொள்ளுங்கள். மெடிக்கலில் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு 7.5 சதவீத இடம் 2020 முதல் இருக்கிறது. 6-ஆம் வகுப்பு முதல் 12-ஆம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். பத்து வரை அங்கே படித்த பிள்ளையை, டாக்டராக்க வேண்டும் என்றே ப்ளஸ் ஒன்னில் தனியார் ஹாஸ்டலுக்கு மாற்றினால் அந்த இடம் போய்விடும். தறியை விட்டுப் போக மனமில்லாத பிள்ளைக்குச் சேலத்தில் 1960 முதல் மத்திய அரசின் கைத்தறித் தொழில்நுட்பக் கல்லூரி இருக்கிறது, மூன்று வருஷ டிப்ளமோ. ஆரணிப் பட்டுக்குப் புவிசார் குறியீடு வாங்கின ஊரில் அதைப் பற்றிப் பேசுகிறவர்களே குறைவு. காமர்ஸ் எடுத்த பிள்ளை ஆடிட்டர் ஆகலாம், நம்முடைய கூட்டுறவுச் சங்கக் கணக்கைச் சரியாக எழுதவும் ஆள் வேண்டியிருக்கிறது. ஹாஸ்டல் ஆபீசில் விதித்தாள் அச்சடித்து வைத்திருப்பார்கள். பணம் கட்டுகிறதற்கு முன்னே அதைக் கேட்டு வாங்கி, பிள்ளையைப் பக்கத்தில் உட்காரவைத்துச் சத்தமாக வாசியுங்கள். ஞாயிறு எப்படி, வீட்டுக்குப் பேச வாரத்தில் எத்தனை தரம், இடையில் வெளியே வந்தால் ஃபீஸ் திரும்பத் தருவார்களா என்று அங்கேயே கேட்டுவிடுங்கள்.