பதினேழு வயதுக்கு எத்தனை நட்சத்திரம்?

அமெரிக்கச் சிற்றூர்களில் வெள்ளிக்கிழமை இரவு என்றால் பள்ளிக் கால்பந்துதான். நாம் காலால் உதைக்கும் ஆட்டமல்ல. ஹெல்மெட் மாட்டிக்கொண்டு, முட்டை வடிவப் பந்தைக் கையில் இடுக்கி முட்டி மோதும் ஆட்டம். ஊரே பந்தைப் பார்க்க, ஓரமாக உட்கார்ந்திருக்கும் ஸ்கவுட், அதாவது கல்லூரிக்குப் போகவிருக்கும் வீரர்களை எடைபோட்டு எழுதும் நிருபர், மட்டும் முன்வரிசைப் பையனின் கால்களைப் பார்ப்பார். எதிராளி திசை மாறினால் இவன் இடுப்பும் திரும்புகிறதா, அடி தடுமாறுகிறதா? பிறகு நட்சத்திரம் போடுவார், உச்சம் ஐந்து. அவர் எழுதும் தளத்துக்குச் சந்தா கட்டியவர்கள் அதைப் படிப்பார்கள்.

வயது வராத பையனை இப்படி ஊரறியத் தரம் பிரிக்கலாமா?

கூடாது என்று சொல்லிவிடுவது சுலபம். ஆனால், கலிபோர்னியாவின் விவசாய ஊரில் வளர்ந்த ஜாஷ் ஆலனைப் பள்ளி முடித்தபோது எந்தப் பெரிய பல்கலைக்கழகமும் கூப்பிடவில்லை. ஜூனியர் காலேஜில் ஆடி, கோச்சுகளுக்குத் தானே மின்னஞ்சல் அனுப்பி, வயோமிங் பல்கலைக்கழகத்தில் போய்ச் சேர்ந்தார். 2018இல் தொழில்முறை லீகான என்.எஃப்.எல். வீரர்களைத் தேர்ந்தெடுத்தபோது ஏழாவதாக எடுக்கப்பட்டார். யார் கண்ணிலும் படாமல் போவதும் அநீதிதான். கணிப்பு பொய்க்கலாம், இரண்டே நட்சத்திரம் வாங்கிய ஜே.ஜே. வாட் பின்னாளில் மூன்று முறை ஆண்டின் சிறந்த தற்காப்பு வீரரானார். ஆட்டத்தைத் தப்பாக எடைபோட்டது பிழை, பாவமல்ல.

ஆட்டத்தை விட்டுப் பேனா நகரும் இடத்தில்தான் உறுத்துகிறது. 'வீட்டுச் சூழல் சரியில்லையாம்', 'திமிர் பிடித்தவனாம்' — சொன்னவருக்குப் பெயர் கிடையாது. பையனுக்கு மட்டும் பெயர், பள்ளி, படம் எல்லாம் உண்டு. கல்லூரியில் சேரக் கையெழுத்தாகும்வரை ஒரு பையனைப் பற்றிக் கல்லூரி கோச் பொதுவில் கருத்துச் சொல்லக் கல்லூரி விளையாட்டு அமைப்பான என்.சி.ஏ.ஏ.வின் விதி விடாது. நிருபருக்கு அந்தக் கடிவாளம் இல்லை. விதி இல்லாத இடத்தில் தானே போட்டுக்கொள்ள வேண்டியது அது. போட்டுக்கொண்டால் சந்தா குறையலாம், குறையட்டுமே.

2021 ஜூலை முதல் கல்லூரி வீரர்கள் தங்கள் பெயரை வைத்துக் காசு பார்க்கலாம்; ஆகவே விமர்சனத்தையும் தாங்கட்டும் என்பார்கள். பெருந்தொகை ஐந்து நட்சத்திரத்தைத் தேடிப் போகும். வம்பு மூன்று நட்சத்திரத்தையும் விடுவதில்லை.

கல்லூரியில் சேரக் கையெழுத்திடும் நாளில் மேசைமேல் மூன்று நான்கு கல்லூரித் தொப்பிகளை வைத்து, ஒன்றை எடுத்து அணிவது அங்கே வழக்கம். முந்தின வாரமெல்லாம் 'எந்தத் தொப்பி?' என்று போனில் குடைந்தவர்கள் எதிரே கேமராவோடு நிற்கிறார்கள். பையன் கை நீட்டுவதற்குமுன் ஒருமுறை அம்மா முகத்தைப் பார்க்கிறான். அதையும் படம் பிடிக்கிறார்கள்.