அடைக்கலப் பொருளும் வாடகைக் காரும்

சென்னீர்குப்பத்தில் நம் வீட்டிற்கு அடுத்த தெருவில், கார்களை வாடகைக்கு விடும் அன்பர் ஒருவர் இருக்கின்றார். ஓட்டுநர் இன்றி, எடுப்பவரே ஓட்டிச் செல்லும் கார்கள். கறுப்புப் பலகையில் மஞ்சள் எழுத்துக் கொண்டவை. வண்டியைக் கொடுக்கும்போது எடுப்பவரையும் அழைத்துக்கொண்டு அதனை ஒருமுறை வலம் வருவார். பழைய கீறல் ஒவ்வொன்றையும் கைப்பேசியில் படம் பிடித்துக்கொள்வார். திரும்பி வந்தபின் மீண்டும் ஒரு வலம். "கோயிலை வலம் வருகின்றவர்கூட இவ்வளவு கவனமாக வருவதில்லையே" என்று ஒருநாள் வேடிக்கையாகச் சொன்னோம். "சாமி எதையும் திருப்பிக் கேட்பதில்லையே, ஐயா" என்றார்.

பிள்ளைகளைக் காண அயல்நாடு செல்லும் பெற்றோர் இன்று நம் குடும்பங்களிற் பலர். சென்ற இடத்தில் வாடகைக் கார் எடுக்கவும் நேர்கின்றது. அப்போது கையிலே தரப்படும் ஒப்பந்தத்தில் காப்பீடு பற்றிய பக்கம் வெறும் பணக்கணக்கு என்றே நாமும் எண்ணியிருந்தோம். சில ஆண்டுகளுக்கு முன், மகன் பணிபுரியும் மேற்கு ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் அவ்வெண்ணம் மாறிற்று. அதனைக் கூறுமுன் அந்தப் பக்கத்தின் பொருளைச் சற்று விளக்குதல் வேண்டும்.

காருக்குச் சேதம் நேர்ந்தால் முதற்பகுதிச் செலவை எடுத்தவரே ஏற்றல் வேண்டும். அதற்கு மேற்பட்டதையே காப்பீடு ஏற்கும். இந்த முதற்பகுதியை ஆஸ்திரேலியாவிலும் இங்கிலாந்திலும் எக்சஸ் என்பர்; அமெரிக்காவில் டிடக்டிபிள் என்பர். நாம் இதனைத் தன்பங்கு எனலாம். நம் நாட்டிலும் இது உண்டு. சொந்தக் காரின் காப்பீட்டில் 1500 சி.சி. வரையுள்ள வண்டிக்கு 1000 ரூபாயும், அதற்கு மேற்பட்டதற்கு 2000 ரூபாயும் கட்டாயமாகக் கழிக்கப்படுகின்றன. தொகை சிறிதாதலின் நாம் அதனைப் பொருட்படுத்துவதில்லை. அயல்நாட்டு வாடகைக் காரிலோ தன்பங்கு சில ஆயிரம் டாலர் வரை போகும். தவறு யாருடையதாயினும் முதலில் நம்மிடமே பிடிக்கப்படும். பிறர் தவறென்று முடிவாகி, அவரிடமிருந்து மீட்கப்பட்டால் திரும்ப வரும். நாள்தோறும் இவ்வளவு கூடுதலாகத் தந்தால் தன்பங்கு பாதியாகும், இன்னும் தந்தால் ஏறத்தாழ இல்லாமலே போகும் என்று மேசைக்கு அப்பால் இருக்கும் பெண் புன்னகையுடன் கூறுவாள்.

அமெரிக்காவில் இவ்வாறு மேசையில் விற்கப்படுவது உண்மையில் காப்பீடே அன்று. "சேதத்திற்காக உம்மிடம் கேட்கமாட்டோம்" என்னும் நிறுவனத்தின் வாக்குறுதி மட்டுமே. பிறருக்கு நேரும் காயத்திற்கு அது உதவாது. அதனைத் தனியே பார்த்துக்கொள்ளல் வேண்டும். எந்நாட்டிலும் "முழுக் காப்பு" என்னும் சொல்லை அப்படியே நம்ப வேண்டா. டயர், கண்ணாடி, கூரை, அடிப்பாகம் ஆகியவை பல ஒப்பந்தங்களில் விலக்கப்பட்டிருக்கும். எரிபொருள் மாற்றி ஊற்றினாலும், தார் போடாத சாலையில் ஓட்டினாலும் காப்பு நில்லாது. மது அருந்தி ஓட்டினாலும் அவ்வாறே. நம் வாசகர்க்கு இது வேண்டுவதில்லை என்று கடந்து செல்கின்றோம்.

தன்பங்கு புதிதாய் வந்ததன்று. லண்டன் லாயிட்ஸ் வணிகர்கள் 1749இலேயே தம் கடற் காப்பீட்டுப் பத்திரத்தில், சில சரக்குகளுக்கு நூற்றுக்கு ஐந்து, வேறு பலவற்றிற்கு நூற்றுக்கு மூன்று என்னும் அளவிற்குட்பட்ட சேதத்தைத் தாம் ஏற்பதில்லை என்று எழுதி வைத்தனர். சில்லறைச் சேதங்களின் தொல்லையைத் தவிர்ப்பது ஒரு காரணம். இழப்பதற்கு ஒன்றுமில்லாதவன் அசட்டையாக இருப்பான் என்பது பின்னாளில் பெரிதும் பேசப்பட்ட மற்றொரு காரணம். பொருளியலார் இதனைப் பற்றி நிறைய எழுதியுள்ளனர். நம் ஆன்றோர் அவர்களுக்கு நெடுங்காலம் முன்னரே இதே அசட்டையைப் பிடித்துக்கொண்டனர். தத்துவார்த்த சூத்திரத்தில் உமாசுவாமி இம்சைக்கு இலக்கணம் கூறுமிடத்து உயிர் போவதை மட்டும் கூறவில்லை. பிரமாதத்தோடு கூடிய செயலால் உயிர் போவதையே இம்சை என்றார். (பிரமாதம் என்றால் இன்று தமிழில் "மிக நன்று" என்று பொருள்! அசட்டைக்குரிய சொல் பாராட்டுச் சொல்லாக எப்படி மாறிற்றோ, மொழியறிஞர்தாம் கூறல் வேண்டும்.)

பெர்த்தில் நாம் எடுத்த காரின் ஒப்பந்தத்தில் ஒரு விதி நம்மை நிறுத்தியது. ஊர் எல்லைக்கு வெளியே, சூரியன் மறைந்த பின்னும் எழுமுன்னும் காரை ஓட்டுதல் கூடாது. மீறினால் காப்பு இல்லை. இரவுணவை நீத்த குடும்பத்திற்கு இது புதிதாகவா இருக்கும்? அந்தி சாயும் வேளையில் கங்காருக்கள் சாலையோரத்துப் புல்லுக்கு வருகின்றன. வெளிச்சம் கண்டு மிரண்டு குறுக்கே பாய்கின்றன. நிறுவனத்தின் கவலை காரின் முகப்பைப் பற்றியது. நம் கவலை வேறு. ஆயினும் இருவரும் ஒரே நேரத்தில் வண்டியை நிறுத்தினோம்.

தன்பங்கை முழுவதும் நீக்கிக்கொள்ளக் கூடுதல் பணம் தருவது தவறா என்று மகன் கேட்டான். தவறன்று. ஓய்வூதியத்தில் வாழ்பவருக்குச் சில ஆயிரம் டாலர் தாங்கவொண்ணாச் சுமை. அதற்கு முன்கூட்டியே வழி செய்துகொள்வது அறிவுடைமை. ஆனால் அப்பணம் எதை வாங்குகின்றது என்பதில் தெளிவு வேண்டும். இரும்புக்கும் கண்ணாடிக்குமான செலவிலிருந்து விடுதலை வாங்குகின்றது. அடிபட்ட கங்காருவுக்கு அந்தப் படிவத்தில் கட்டமே இல்லை. அந்நாட்டில் நல்லோர் பலர், இறந்து கிடக்கும் பெண் கங்காருவைக் கண்டால் வண்டியை நிறுத்தி, அதன் பையிலே குட்டி உயிரோடு உள்ளதா என்று பார்ப்பதுண்டு. எந்தக் காப்பீடும் அவர்களை அவ்வாறு செய்யச் சொல்லவில்லை.

இனி நம் குறையைக் கூறுகின்றோம். பெர்த்திலிருந்து வடக்கே சுமார் 200 கிலோமீட்டர் தொலைவில், சுண்ணாம்புக் கல் தூண்கள் மணலிலிருந்து ஆயிரக்கணக்கில் எழுந்து நிற்கும் பின்னக்கிள்ஸ் என்னும் இடத்தைக் கண்டோம். அருகிலுள்ள செர்வாண்டிஸ் என்னும் சிற்றூரில், காரைப் பின்னோக்கி எடுக்கும்போது தாழ்ந்த மரக்கட்டை ஒன்றில் இடித்துவிட்டோம். ஓட்டியவர் நாமே. பின்புறத்தில் ஒரு சாண் நீளக் கீறலும் சிறு பள்ளமும் விழுந்தன.

மறுநாள் காலை விமானம். சாவியை வாங்கிய இளைஞர் எரிபொருள் அளவை மட்டும் பார்த்து, எல்லாம் சரிதானே என்றார். "சரி" என்றோம். பேருந்தில் ஏறியபின் ஒன்பது வயதுப் பேத்தி கேட்டாள்: "தாத்தா, கட்டையில் இடிச்சதைச் சொல்லலையா?"

"அவர் அதைக் கேட்கவில்லையே, கண்ணு" என்றோம்.

ஊர் திரும்பிய பின்னும் அந்த விடை நம்மை விட்டு நீங்கவில்லை. பெரிய நிறுவனம், அவர்களுக்கும் காப்பீடு இருக்கும். இத்தகைய கீறல்களுக்கும் சேர்த்தே வாடகை வைத்திருப்பர். பார்க்க வேண்டியது அவர்கள் கடமை. மனம் எவ்வளவு விரைவாக வழக்கறிஞராகி விடுகின்றது!

வாய்மை விரதத்திற்குரிய ஐந்து அதிசாரங்களுள் நியாசாபகாரம் என்பது ஒன்று. அடைக்கலப் பொருளைக் கவர்தல் என்று பொருள். உரையாசிரியர்கள் இதனை விளக்கும் முறை நுட்பமானது. ஒருவன் பொருளை நம்மிடம் வைத்துச் சென்று, எண்ணிக்கையை மறந்து, குறைத்துக் கேட்கின்றான். நாமும் "ஆம், அவ்வளவுதான்" என்று கூறிக் கொடுத்து விடுகின்றோம். கை எதையும் திருடவில்லை. கேட்டதைக் கேட்டபடியே கொடுத்தோம். அவன் மறதியை நம் வருவாய் ஆக்கிக்கொண்டோம், அவ்வளவே. இதனைக் களவின் கீழ் வைக்காமல் பொய்ம்மையின் கீழ் வைத்தது ஏன் என்று இளமையில் வியந்ததுண்டு. "சரி" என்று நாம் சொன்ன ஒரு சொல்லுக்குப் பின்னரே அது விளங்கிற்று. களவு அந்தச் சொல்லிலேதான் நடந்தது.

அதே ஐந்தனுள் கூடலேகம் என்னும் பொய்யெழுத்தும் உண்டு. ஒப்பந்தத்தில் பெயரில்லாத மைத்துனர் ஓட்டி இடித்துவிட, பெயருள்ளவர் தாம் ஓட்டியதாகப் படிவத்தில் எழுதிக் கொடுப்பது நம்மவரிடமும் நடக்கின்றது. ஓட்டக்கூடியவர் அனைவரின் பெயரையும் தொடக்கத்திலேயே எழுதிவிட்டால் அந்தச் சோதனையே வாராது. பூந்தமல்லி வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் ஓராண்டிற்கான பன்னாட்டு ஓட்டுநர் அனுமதியை முன்னரே பெற்றுக்கொள்க. காரை எடுக்கும்போதும் விடும்போதும் நாற்புறமும் படமெடுத்து வைத்துக்கொள்க. பயணக் காப்பீட்டுப் பத்திரங்கள் சிலவற்றில் இந்தத் தன்பங்கைப் பின்னர் ஈடு செய்யும் பிரிவும் உண்டு. நாம் அதனைப் பார்க்காமலே சென்றோம்.

ஒருநாள் அடுத்த தெரு அன்பரிடம், யாரும் கவனிக்காமல் உள்ளே வந்துவிட்ட சேதம் என்னவாகும் என்று, பொதுவாகக் கேட்பது போலக் கேட்டோம். அவர் சற்றும் தயங்கவில்லை. "அடுத்து எடுத்தவர் தலையில் விழும், ஐயா. அவர் இல்லையென்று சொன்னால் யார் நம்புவார்?"

பெரிய நிறுவனம் என்று நாம் சொல்லி வந்த ஆறுதல் அங்கே உடைந்தது. கணக்கில் நிறுவனமே இல்லை. முகமறியாத ஒரு மனிதர் இருந்தார்.

அன்றிரவே நாள், இடம், நேரம் குறித்து, படத்தையும் இணைத்து மின்னஞ்சல் எழுதினோம். பதினொரு நாள் கழித்துப் பதில் வந்தது. பழுது நீக்கிய செலவு நம் தன்பங்கின் எல்லைக்குள் இருந்தமையால் முழுவதும் நம் அட்டையிற் பிடிக்கப்பட்டது. நிர்வாகச் செலவு என்று இன்னொரு தொகையும் சேர்த்திருந்தனர். தாமே வலியச் சென்று சொன்னவரிடமும் இதுவா என்று ஒரு கணம் சினம் எழுந்ததை மறைப்பானேன். அதன் கீழே ஒரு வரி இருந்தது. இதே சேதத்திற்காக மற்றொரு வாடிக்கையாளரிடம் பெறப்பட்ட தொகை திருப்பியளிக்கப்படும் என்று எழுதியிருந்தனர். அவர் யாரென்று எழுதவில்லை.

பேத்தியைத் தொலைபேசியில் அழைத்துச் சொன்னோம். "அவங்ககிட்ட ஸாரி சொன்னீங்களா?" என்று கேட்டாள். எவரிடம் சொல்வது என்று தெரியவில்லை என்றோம்.