நீதிமன்றக் கோப்பும் ஒருவர் பெயரும்

கலிஃபோர்னியாவின் 58 கவுண்டிகளில் ஒவ்வொன்றுக்கும் ஒரு சுப்பீரியர் கோர்ட் உண்டு. பெயர்தான் பெரிது, அது விசாரணை நீதிமன்றம். கொலை வழக்கும் மணமுறிவும் வாடகைப் பாக்கிக்காக வீட்டைக் காலி செய்யச் சொல்லும் வழக்கும் அங்கேதான் வந்து சேர்கின்றன. சட்டம் தனியாகத் தடுத்திராத கோப்பு எதையும் யாரும் கேட்டுப் பார்க்கலாம். எதற்கென்று சொல்ல வேண்டியதில்லை. இன்னொருவரின் கெட்ட காலத்தை, அவரை அறியாத ஒருவர் இப்படிப் புரட்டிப் பார்ப்பது நியாயமா?

இந்தத் திறப்பு யாருக்காக வந்தது என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். வர்ஜீனியாவில் ஒரு கொலை வழக்கைக் கதவடைத்து நடத்தினார்கள். அது செல்லாது, குற்ற விசாரணையைக் காண மக்களுக்கு உரிமை உண்டு என்று 1980-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கண்காணிக்கப்பட வேண்டியது அதிகாரம் என்பதே அதன் சாரம். ஒரே குற்றத்துக்கு ஒருவருக்கு ஜாமீனும் இன்னொருவருக்குச் சிறையும் கிடைத்தால், அந்த வித்தியாசத்தைக் காட்டிக்கொடுக்கக் கோப்பை விட்டால் வேறு சாட்சி இல்லை. ஆகவே கோப்புகளை மொத்தமாகப் பூட்டுவது நீதிபதிக்கும் அரசு வழக்கறிஞருக்கும் செய்யும் சலுகையாகிவிடும்.

ஆனால் கோப்பு அதிகாரத்தை மட்டும் காட்டுவதில்லை. அதில் சிக்கியவரையும் காட்டுகிறது. காகிதக் காலத்தில் அவரைக் காத்தது அலைச்சல். கோர்ட்டுக்குப் போய், கவுண்ட்டரில் வழக்கு எண்ணைக் கொடுத்துக் காத்திருக்க வேண்டும். ஊர் ஊராகச் சிதறிக் கிடக்கும் ஏடுகளும் அவற்றைத் திரட்டி ஒரே இடத்தில் வைத்த கணினித் தொகுப்பும் ஒன்றல்ல என்று 1989-இல் அதே உச்ச நீதிமன்றம் கூறியது. கலிஃபோர்னியாவின் விதிகளிலும் இந்த எண்ணம் தெரிகிறது. சாதாரண உரிமையியல் கோப்பை வீட்டிலிருந்தே பார்க்கலாம். குற்ற வழக்கு, குடும்ப வழக்குக் கோப்புகளுக்குப் பெரும்பாலும் நீதிமன்றக் கட்டடத்துக்கே போக வேண்டும்.

அலைச்சல் நல்ல காவலா? வம்புக்கு அலையும் பக்கத்து வீட்டுக்காரரை அது தடுக்கும். பின்னணி விசாரிக்கும் நிறுவனத்தைத் தடுக்காது. அது கூலிக்கு ஆள் அனுப்பும். பேருந்துக் கட்டணத்துக்கும் அரை நாள் கூலிக்கும் யோசிப்பவரோ கோப்பைப் பார்க்க முடியாமல் நிற்பார். நோக்கத்தைப் பார்க்காமல் காசைப் பார்த்து வழிவிடும் காவல் இது.

தேடும் வழியைக் குறுக்குவது இன்னொரு காவல். ரிவர்சைடு கவுண்டி நீதிமன்றத்தின் இணையத் தேடலில் பிறந்த தேதியைக் கொண்டு ஆளைப் பிரித்தறிய முடிந்தது. அது விதிக்குப் புறம்பானது என்று 2021-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. தண்டனை முடித்து வந்தவர்களுக்கு இது நிம்மதி. ஆனால் பலருக்குள்ள பெயரைத் தாங்கிய நிரபராதி, 'அந்த ஆள் நானில்லை' என்று காட்ட வழியின்றி வேலைக்குக் காத்திருந்தார். அந்தத் தேடலை மீண்டும் அனுமதிக்க 2022-இல் சட்டமன்றம் நிறைவேற்றிய மசோதாவை ஆளுநர் நிராகரித்தார். மறைப்பதற்கும் ஒரு விலை உண்டு. அதைக் கொடுப்பவர் எப்போதும் குற்றவாளியாக இருப்பதில்லை.

வாடகை வழக்கில் அதே மாநிலம் வேறு வழியில் போகிறது. அந்தக் கோப்பு தொடக்கத்தில் வெளியாருக்கு மூடியிருக்கும். 60 நாட்களுக்குள் வீட்டு உரிமையாளர் வென்றால்தான் பொதுவாகத் திறக்கும். வழக்குப் போட்டது ஒரு பக்கத்தின் பேச்சு, தீர்ப்புதான் நீதிமன்றத்தின் பேச்சு என்ற பகுத்தறிவு இதில் இருக்கிறது. குறையும் இருக்கிறது. குடியிருப்பவர்களை மிரட்டவே வழக்கு மேல் வழக்காகப் போடும் உரிமையாளரும் இதே திரைக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளலாம்.

ஆகவே கோப்பைத் திறப்பதா மூடுவதா என்பதைவிட, எந்தப் பெயரைப் பிடித்து அதைத் திறப்பது என்பதே பொருத்தமான கேள்வி. நீதிபதியின் பெயரிலும், அரசு வழக்கறிஞரின் பெயரிலும், திரும்பத் திரும்ப வழக்குப் போடுபவரின் பெயரிலும் தேடல் தாராளமாக நடக்கட்டும். இழுத்து வரப்பட்டவரின் பெயருக்கு வழக்கின் முடிவும் கடந்துபோன காலமும் காவலாகட்டும். இதனால் வேலை கொடுப்பவர் சிலர் அறிய விரும்பிய ஒன்றை அறியாமல் போவார்கள். அந்த இழப்பு உண்மையானது. ஆனாலும் நீதிபதி தண்டனைக்கு இத்தனை மாதம், இத்தனை ஆண்டு என்று கெடு எழுதுகிறார். பெயர்த் தேடலுக்கும் அப்படியொரு கெடு வேண்டும்.