மலிவான மருந்தும் நோயாளியின் நம்பிக்கையும்

நம் நாட்டிலே தலையிடிக்கு மருந்து வாங்கச் செல்பவர் 'பரசிற்றமோல்' என்று கேட்பது அரிது. 'பனடோல்' என்றே கேட்பர். முன்னையது மருந்தின் பெயர். பின்னையது ஒரு கொம்பனி தன் சரக்கிற்குச் சூட்டிய பெயர். சரக்கின் பெயரே மருந்தின் பெயராகிவிட்ட இந்நிலை வெறுஞ் சொல்வழக்கு மாத்திரமன்று. கடைக்காரர் அதே பரசிற்றமோலை வேறோர் உறையிற் குறைந்த விலைக்கு எடுத்து நீட்டும்போது, வாங்க வந்தவர் தயங்குகின்றார். அத்தயக்கத்தின் நியாயம் யாது, அதனை நீக்க முற்படுவோர் எத்தகைய கடப்பாட்டை ஏற்கின்றனர் என்பனவே இக்கட்டுரையில் ஆராயப்படுவன.

புதிய மருந்தொன்றைக் கண்டறிந்த நிறுவனத்திற்கு, விண்ணப்பித்த நாளிலிருந்து 20 ஆண்டுகளுக்கு ஆக்கவுரிமை வழங்குதல் பெரும்பாலான நாடுகளின் வழக்கம். அக்காலம் கழிந்தபின் அம்மருந்தைப் பிறரும் செய்து, அதன் பொதுப்பெயராலேயே விற்கலாம். கண்டுபிடிப்பின் செலவையும் விளம்பரத்தின் செலவையும் அவர்கள் சுமப்பதில்லை, போட்டியும் மிகுகின்றது, எனவே விலை வீழ்கின்றது. தரம் குறைந்ததனாலேதான் விலை குறைந்தது என்பது இங்கு பொருந்தாத முடிபு. ஆயினும் நோயாளர் பலர் அம்முடிபிற்கே வருகின்றனர். ஏன் என்று வினவினால், 'அறியாமை' என்று ஒரே சொல்லில் விடையிறுப்போர் நம்மிடையே பலருளர். அவ்விடை எமக்கு உடன்பாடன்று.

சைவசித்தாந்தம் பயின்றோர் காண்டல், கருதல், உரை என்னும் அளவைகளை அறிவர். சிவஞானசித்தியார் தன் பொருளைத் தொடங்குமுன் அளவைகளையே ஆராய்கின்றது. எதனை அறிந்தோம் என்பதன்முன் எவ்வாறு அறிந்தோம் என்பது தெளிவாதல் வேண்டுமன்றோ? அரிசியின் தரத்தைக் கையிலெடுத்துப் பார்த்தும் சோறாக்கி உண்டும் அறியலாம். மீனின் பதத்தைச் செவுளை உயர்த்திப் பார்த்து அறியலாம். குளிசையை இவ்வாறு அறிதல் இயலாது. உண்டபின்னும் இயலாது. காய்ச்சல் தணிந்தமை மருந்தினாலா, தானாகவேயா என்று நோயாளி எங்ஙனம் பிரித்தறிவார்? உயர் குருதி அமுக்கத்திற்கு உண்ணும் குளிசையோ நன்மை செய்யும்போதுகூடப் பெரும்பாலும் எவ்வுணர்வையும் தருவதில்லை. காண்டல் இங்கு கைவிடுகின்றது. எஞ்சுவன கருதலும் உரையுமே.

கருதலுக்கு ஏது வேண்டும். நோயாளியின் கைக்கெட்டும் ஏதுக்கள் விலை, உறையின் அழகு, பழகிய பெயர் ஆகியனவே. விலை கூடியது தரமானது என்பதைச் சேலையிலும் செருப்பிலும் அவர் பலமுறை மெய்யாகவே கண்டிருக்கின்றார். கண்டதை மருந்திற்கும் நீட்டுகின்றார். அளவைநூலார் இதனைப் போலி ஏது என்பர். ஆனால் அது மூடத்தனமன்று. வேறு வழி அடைபட்டவிடத்துத் திறந்திருந்த வழியால் நடந்தமையே அது. 'ஆஸ்பத்திரிக் குளிசை' என்னுந் தொடரை நம்மவர் சொல்லும்போது தொனிக்கும் ஏளனமும் இத்தகையதே: காசு வாங்காமற் கொடுப்பது எப்படி நல்லதாக இருக்கும்?

நிற்க. இவ்விடத்து ஒரு சிக்கல் எழுகின்றது. 1981இற் பிரித்தானிய மருத்துவச் சஞ்சிகையொன்றில் வெளியான ஆய்வொன்றில் 835 பெண்களுக்குத் தலையிடிக்கென அஸ்பிரினும், மருந்தேயற்ற போலிக் குளிசையும் வழங்கப்பட்டன. இரண்டிலும் ஒரு பகுதி பிரபலமான வணிகப்பெயர் பொறித்த உறையிலும், மறுபகுதி பெயரில்லா உறையிலும் கொடுக்கப்பட்டன. பெயர் பொறித்தவையே கூடிய சுகமளித்தன. போலிக் குளிசைக்கும் அது பொருந்திற்று. அங்ஙனமாயின் பெயரும் மருந்தின் ஒரு கூறோ? நோயாளியின் நம்பிக்கையே அவரை ஓரளவு குணப்படுத்துமெனின், அதனைக் கலைப்பவர் அவருக்குத் தீங்கிழைக்கின்றார் எனல் ஆகாதா?

இவ்வாதத்தை எளிதில் ஒதுக்கிவிடலாகாது. எனினும் அந்நம்பிக்கை எங்கிருந்து வந்தது என்பதையும் நோக்குதல் தகும். அது விளம்பரத்தால் விளைந்தது. விளம்பரத்தின் செலவை உறையின் விலையிலே செலுத்துபவரும் நோயாளியே. தலையிடி ஒரு நாளில் தீரும். நீரிழிவும் இருதயநோயும் அங்ஙனமல்ல. ஒரு மாதத்திற்கு எழுதிய துண்டைக் கொண்டுசென்று, கையிலுள்ள காசுக்கு மூன்று நாளைக்கு மட்டும் வாங்கிச் செல்பவர்களை எந்த மருந்துக்கடையிலும் காணலாம். நான்காம் நாள் அவர்களைக் குணப்படுத்தப் பெயர் வருவதில்லை. தலையிடியில் நிறுவப்பட்டதொரு நன்மையைக் காட்டி, வாழ்நாள் முழுதும் மருந்துண்ண வேண்டியவரிடம் கூடிய விலை பெறுதல் நியாயமாகாது என்பதே எமது துணிபு.

இதனை நம் நாட்டிலே செயலளவில் உணர்ந்தவர் பேராசிரியர் சேனக பிபிலே. மருந்தியற் பேராசிரியராகவும் பேராதனை மருத்துவ பீடத்தின் பீடாதிபதியாகவும் விளங்கிய அவர், எஸ். ஏ. விக்கிரமசிங்கவுடன் இணைந்து அளித்த அறிக்கையின் வழியே 1971இல் அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் தோன்றிற்று. தனியார் துறையிற் புழங்கிய ஏறத்தாழ 2,100 மருந்துச் சரக்குகள் 600 அளவிற்குக் குறைக்கப்பட்டன; உலகளாவிய கேள்விப்பத்திரத்தின் மூலம் மலிந்த விலையிற் கொள்வனவு நிகழ்ந்தது; பொதுப்பெயர் வழக்கு ஊக்குவிக்கப்பட்டது. எதிர்ப்பும் கடுமையாகவே இருந்தது. மலிந்த மருந்து தரமற்றது என்னும் ஐயமே எதிர்த்தோரின் கூரிய படைக்கலம். பிபிலே அவ்வையத்தை ஏளனஞ் செய்யவில்லை. மருத்துவர்களுக்குப் பக்கச்சார்பற்ற தகவல் வழங்கும் வெளியீடுகளிலும் அவர் உழைத்தமை, நம்பிக்கையைக் கட்டளையால் உண்டாக்கவியலாது என்பதை அறிந்தமையாலேயே எனக் கருதுகின்றோம். அவர் 1977இற் கயானாவிற் காலமானார். அவ்வாண்டின் ஆட்சிமாற்றத்தின் பின் தனியார் இறக்குமதி மீண்டும் பெருகிற்று. 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் தேசிய மருந்து ஒழுங்குறுத்தல் அதிகாரசபையை நிறுவியபோது, அவரது எண்ணங்கள் சில நெடுங்காலத்தின் பின் சட்டவடிவம் பெற்றன.

இனி, ஐயத்திற்கு நியாயமே இல்லையெனவுங் கூறவியலாது. 1968இல் அவுஸ்திரேலியாவின் பிறிஸ்பேன் நகரில், வலிப்புநோய்க்குப் பெனிற்றொயின் உண்டுவந்தோர் பலருக்கு நச்சுக்குறிகள் தோன்றின. மருந்தின் அளவு மாறவில்லை. அதனோடு சேர்த்த நிரப்புபொருளே கல்சியம் சல்பேற்றிலிருந்து லக்றோசுக்கு மாற்றப்பட்டிருந்தது. அதனால் மருந்து கூடுதலாகக் குருதியிற் சேர்ந்தது. குறுகிய எல்லைக்குள் அளவு நிற்கவேண்டிய இத்தகைய மருந்துகளில் நோயாளி மாற்றத்திற்கு அஞ்சுவது நியாயமே. ஆனால் இதே நிகழ்ச்சி, பழகிய பெயரும் காவலன்று என்பதையும் காட்டுகின்றது. காவல் சோதனையிலே உள்ளது. மூல மருந்தோடு ஒப்பிடுகையிற் குருதியிற் சேரும் அளவின் விகிதமும் உச்சச் செறிவின் விகிதமும் தத்தம் நம்பிக்கை ஆயிடையோடு 80 முதல் 125 வீதத்துள் அமைதல் வேண்டும் என்பது பல நாடுகளின் விதி. (இதனை 'எண்பது வீத மருந்துதான் உள்ளே இருக்கிறது' என்று திரித்து விளங்கிக்கொள்வோர் படித்தவர்களிடையேயும் உளர்.)

விதி ஏட்டில் இருந்தாற் போதுமா? 2023இல் இந்நாட்டு அரச மருத்துவமனைகளுக்கு வழங்கப்பட்ட இம்யூனோகுளோபுலின் தரமற்றதெனக் கண்டறியப்பட்டது. அவ்விடயந் தொடர்பில், முன்னர் சுகாதார அமைச்சராயிருந்தவர் 2024 பெப்ரவரியிற் கைதானார். அந்நாட்களிற் பத்திரிகை வாசித்த நோயாளி ஒருவர் இலவசக் குளிசையை ஐயுற்றால், அவரை அறியாதவர் என்று எவ்வாறு கூறுவது? 2022இன் நெருக்கடியில் எந்தப் பெயராயினும் கிடைத்ததை வாங்கி உண்ட அதே மக்களே இவர்கள்.

ஆகவே எஞ்சுவது உரையளவை. நியாய நூலார் உரைப்பவனுக்கு இலக்கணம் வகுத்துள்ளனர்: பொருளை உள்ளவாறு அறிந்தவனாயும், அறிந்தவாறே பிறர்க்குச் சொல்லும் விருப்பினனாயும் அவன் இருத்தல் வேண்டும். நம் மருத்துவரும் மருந்தாளரும் அரசும் இவ்விலக்கணத்திற்கு அமைகின்றனரா? ஊரார்க்குப் பொதுப்பெயரில் எழுதித் தம் பிள்ளைக்குக் கொம்பனிக் குளிசை வாங்கும் மருத்துவர், தாம் சொன்னதைத் தாமே மறுக்கின்றார். சோதிக்காது இறக்குமதி செய்யும் அரசு அறியாததைச் சொல்கின்றது. ஒன்றுஞ் சொல்லாமல் உறையை மாற்றிக் கொடுக்கும் கடைக்காரர் உண்மையிலே நல்ல மருந்தைக் கொடுத்திருப்பினும், நோயாளியிடமிருந்து ஒன்றைப் பறித்தே விட்டார். அடுத்த மாதம் வெள்ளைக் குளிசை மஞ்சளாக மாறியிருக்கக் கண்ட முதியவள் அதனை உண்ணாமலே வைத்துவிடுவாள்.

நோயாளி பணமுடையவராயின், விரும்பிய பெயரை வாங்கட்டும். அது அவர் உரிமை. பணமில்லாதவருக்கே விளக்கம் தேவை. நாளொன்றுக்கு எத்தனையோ பேரைப் பார்க்கும் வெளிநோயாளர் பிரிவில் அதற்கு நேரமேது என்பர். மருந்து வழங்கும் யன்னலிலே அந்நேரத்தைக் காணலாம். உறையின்மேல் ஆங்கிலத்தில் மட்டும் எழுதிய பெயரும், யன்னலுக்கு அப்பாலிருந்து சிங்களத்தில் மட்டும் வரும் சொல்லும் தமிழ் நோயாளிக்கு உரையாவதில்லை. மருந்தின் பொதுப்பெயரையும், 'நிறம் மாறியுள்ளது. மருந்து அதுவே' என்பதையும் தமிழிலும் சிங்களத்திலும் அச்சிட்ட சிறு துண்டொன்றை உறைக்குள் வைப்பதற்குப் புதிய சட்டம் எதுவும் வேண்டியதில்லை.