குழந்தையின் சம்மதம்

2017-இல் திருப்பூருக்குக் கிழக்கே ஒரு சிற்றூர்ப் பள்ளிக்கூடத்தின் ஆண்டு விழாவுக்குப் பேசப் போயிருந்தேன். மாலைக்கு ஆசைப்படாத எழுத்தாளனை நான் பார்த்ததில்லை, நானும் விலக்கல்ல. விழா தொடங்க நேரமிருந்தது. தலைமையாசிரியர் மைதானத்தைக் காட்டினார். நெருஞ்சியும் கோரையும் மண்டிக் கிடந்த இடமாம். இப்போது வைக்கோல் நிறத்தில் கருகிக் கிடந்தது. "நீங்க வர்றீங்கன்னுதானுங்க மருந்தடிச்சுச் சுத்தம் பண்ணினோம்" என்றார், பெருமையோடு.

வேலியோரம் வேப்பங்கன்றுகளுக்கு ஒரு சிறுமி தண்ணீர் ஊற்றிக் கொண்டிருந்தாள். ஆறாம் வகுப்பு இருக்கலாம். அவள் கையிலிருந்தது மேல்பாகம் அறுத்த வெள்ளைப் பிளாஸ்டிக் கேன். ஒட்டியிருந்த சீட்டு பாதி கிழிந்து போயிருந்தது.

"அம்மிணி, இது என்ன கேன்?"

"மருந்துக் கேனுங்க ஐயா. நல்லாக் கழுவிட்டோமுங்க."

நஞ்சுக்கு 'மருந்து' என்று பெயர் வைத்தவன் யாரோ! அவன் தமிழனாகத்தான் இருக்க வேண்டும். பாம்பையே 'நல்லது' என்று அழைத்தவர்கள் நாம்.

எனக்குப் பீகார் நினைவு வந்தது. 2013 ஜூலை 16. சாரண் மாவட்டத்தில் தர்மசதி கந்தாமன் என்ற கிராமத்தின் தொடக்கப் பள்ளி. மதிய உணவு உண்ட குழந்தைகளில் 23 பேர் மாண்டு போனார்கள். சமையல் எண்ணெயில் மோனோகுரோட்டோபாஸ் என்ற பூச்சிக்கொல்லி கலந்திருந்ததை ஆய்வுக்கூடம் கண்டது. பூச்சிக்கொல்லி இருந்த கேனில் எண்ணெயை ஊற்றி வைத்திருக்க வேண்டும் என்பது அதிகாரிகளின் ஊகம். பருத்திச் செடியில் புழுவைக் கொல்ல நாடு முழுவதும் தெளித்து வந்த மருந்துதான் அது. அந்தப் பருத்திதான் நூலாகித் திருப்பூருக்கு வந்து பனியனாகிறது. அந்தப் பனியனைத்தான் நானும் அன்று ஜிப்பாவுக்குள்ளே போட்டிருந்தேன்.

'அளவுதான் நஞ்சைத் தீர்மானிக்கிறது' என்ற கருத்தைப் பதினாறாம் நூற்றாண்டில் பாராசெல்சஸ் சொல்லி வைத்தார். உண்மைதான். ஆனால் யாருடைய உடம்புக்கு அளவு? தன் எடைக்குக் கணக்குப் பார்த்தால் குழந்தை நம்மைவிட அதிகம் மூச்சு விடுகிறது, அதிகம் தண்ணீர் குடிக்கிறது, மண்ணில் புரண்ட கையை வாயில் வைக்கிறது. 1993-இல் அமெரிக்க அறிவியல் கழகம் இதை ஆராய்ந்து எழுதியது. 1996-இல் அந்நாட்டார் சட்டமே செய்தார்கள்: உணவில் தங்கும் பூச்சிக்கொல்லிக்கு அளவு வகுக்கும்போது, வேண்டாம் என்பதற்கு நம்பத்தக்க ஆதாரம் இல்லாவிட்டால், குழந்தைகளுக்காகப் பத்து மடங்கு கூடுதல் காப்பு வேண்டும் என்று.

அளவைவிட என்னை உறுத்துவது வேறொன்று. மருந்தடிக்கும் விவசாயியும் சாயப்பட்டறைத் தொழிலாளியும் ஏதோ ஒரு விதத்தில் 'சரி' என்று சொன்னவர்கள். பசி சொல்ல வைத்த 'சரி'தான். இருந்தாலும் சொன்னது அவர்கள் வாய். குழந்தை எப்போது சொன்னது? 'கழுவிட்டோமுங்க' என்றாளே, அது சம்மதமா? பெரியவர்கள் கொடுத்ததை நல்லதென்று நம்புவதல்லாமல் வேறொன்றும் அறியாத வயது அது.

அப்படியானால் அவளுக்காகச் சம்மதிக்கத் தகப்பனுக்காவது உரிமை உண்டா? அவரையும் அன்று பார்த்தேன். சாயப்பட்டறையில் வேலை. பேச்சு நொய்யலில் வந்து நின்றது.

நொய்யலின் கதை ஊரறிந்தது. பருத்தித் துணியில் சாயம் பிடிக்க மூட்டை மூட்டையாக உப்பு வேண்டும். ஆற்றில் ஓடிய நிறத்தை எல்லாரும் பார்த்தார்கள். கிணற்றையும் வயலையும் கெடுத்த உப்பு கண்ணுக்குத் தெரியவில்லை. பாசனத்துக்கென்று கட்டி 1992-இல் திறந்த ஒரத்துப்பாளையம் அணையில் கழிவுதான் தேங்கியது. அணையில் தண்ணீர் தேக்காதீர்கள் என்று விவசாயிகளே கேட்ட விந்தை வேறெங்கே நடந்திருக்கும்! 2011 ஜனவரி 28-இல் உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. ஒரு சொட்டுக் கழிவும் வெளியே விடாமல் சுத்திகரித்தால்தான் திறக்கலாம் என்றது. 700-க்கும் மேற்பட்ட பட்டறைகள் நின்றன.

"மூடினது நாயந்தானுங்க" என்றார் அவர். "ஆனா எட்டு மாசம் எனக்கு வேலையில்லீங்க. மூத்தவன் ஒம்பதாவதோட நின்னு பனியன் கம்பெனிக்குப் போனான். ஆத்துத் தண்ணி கெட்டுச்சுங்கறீங்க. அவன் படிப்புங் கெட்டுச்சுங்களே, அதுக்கு எந்தக் கோர்ட்டுங்க?"

பதில் சொல்ல எனக்கு வாயில்லை. தண்ணீரா, படிப்பா என்று ஒரு தகப்பனைத் தேர்ந்தெடுக்கச் சொன்ன கேள்வியே பொய்க் கேள்வி என்று இப்போது எழுதுகிறேன். கழிவைச் சுத்தம் செய்யும் செலவைப் பல ஆண்டுகள் மிச்சம் பிடித்தவர்கள் வேறு. விலை மலிவென்று பனியன் வாங்கிய நாமும் அந்த மிச்சத்தில் பங்கு கொண்டவர்கள். விலையைக் கொடுத்தவன் மட்டும் அந்த ஒன்பதாம் வகுப்புப் பையன். இதை அவர் முகத்துக்கு நேரே சொல்லியிருந்தால் அவருக்கு என்ன ஆறுதல் கிடைத்திருக்கும்?

பிறகு மேடை ஏறினேன். நாற்பது நிமிஷம் தமிழின் இனிமையைப் பற்றிப் பேசினேன். கேனைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அழைத்தவர்களை அவர்கள் மேடையிலேயே குறை சொல்வதா என்ற நாகரிகம்! எனக்காகக் கருகிய புல் அது என்ற நினைப்பும் நாவைக் கட்டியது. புறப்படும்போதுதான் தலைமையாசிரியரைத் தனியே அழைத்துச் சொன்னேன். அவர் நல்ல மனிதர், பதறிப் போனார். "நாளைக்கே நாலு பூவாளி வாங்கிடறேனுங்க" என்றார்.

காரில் ஏறும்போது வேலிப்பக்கம் பார்த்தேன். அந்தக் கேன் கழுவிக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. பக்கத்தில் அதே மாதிரி இன்னும் மூன்று.