ஒற்றைப் பெயருக்குள் அடங்காத மேடு

ஓர் இடம் எதற்கு என்று கேட்டால் ஒரு சொல்லில் பதில் வர வேண்டும் என்று நகரத்துக்குத் திட்டம் போடுகிறவர்கள் எதிர்பார்க்கிறார்கள். டோக்கியோவின் உயெனோ பூங்கா அந்தக் கேள்விக்குப் பிடிகொடுப்பதில்லை. அதன் பலமே அதுதான் என்பது என் கட்சி. 1868 உள்நாட்டுப் போரில் அங்கிருந்த கானேய்ஜி கோயிலின் பெரும்பகுதி எரிந்தது. காலியான மேட்டில் மருத்துவமனை கட்ட அரசு நினைத்தது. பௌட்வின் என்ற டச்சு மருத்துவர்தான், இதைப் பூங்காவாக விடுங்கள் என்றார். மருத்துவரே மருத்துவமனையைத் தடுத்தது வேடிக்கைதான்! 1873இல் பூங்கா, 1882இல் விலங்குக் காட்சிசாலை, 1959இல் லெ கார்பூசியே வடிவமைத்த மேலைக் கலை அருங்காட்சியகம். தாமரை மண்டிய ஷினோபாஸு குளத்தின் நடுவே பென்தென் சன்னதி; நம் சரஸ்வதிக்கு ஜப்பானில் அந்தப் பெயர். 1923 நிலநடுக்கத்தில் நகரம் பற்றி எரிந்தபோது மூட்டை முடிச்சோடு கூட்டங்கூட்டமாக ஓடி வந்தவர்களுக்கு இந்த மேட்டில் இடமிருந்தது. மருத்துவமனையாகக் கட்டி நிரப்பியிருந்தால் அத்தனை பேர் நின்றிருக்க முடியுமா?

இத்தனையும் சேர்ந்தால் அது பூங்காவா, சந்தையா என்று கேட்கலாம். அமைதி வேண்டுமென்றால் கியோத்தோவின் கல் தோட்டங்கள் இருக்கின்றன. அங்கே மணலைச் சீவிய கோடுகூடக் கலையாது. உயெனோவில் எதுவும் அப்படிக் கலையாமல் நிற்பதில்லை. அங்கே ஒரு புத்தர் இருக்கிறார், முகம் மட்டும். அதே 1923இல் தலை கழன்று விழுந்தது. உடலைப் போர்க்காலத்தில் உலோகத்துக்காக எடுத்துக்கொண்டார்கள். எஞ்சிய முகத்தைச் சுவரில் பதித்திருக்கிறார்கள். ஏற்கெனவே விழுந்தவர் இனி விழமாட்டார் என்று, தேர்வு எழுதும் பிள்ளைகள் வந்து கும்பிடுகிறார்கள். எந்தத் திட்ட அலுவலரும் யோசித்திருக்கக்கூடிய பயன் அல்ல இது. உடைந்ததை அப்புறப்படுத்தாமல் விட்டதால், மக்களே அதற்கொரு வேலை கண்டுபிடித்தார்கள்.

இன்னொரு ஆட்சேபம் கனமானது: யாருக்கும் சொந்தமில்லாத இடத்தைக் கைநீளமுள்ளவன் எடுத்துக்கொள்வான். உண்மைதான். 1884இல் குளக்கரையைக் குதிரைப் பந்தயம் எடுத்துக்கொண்டது. வீடற்றவர்கள் இங்கே போட்ட கூடாரங்களை, அரச குடும்பம் வரும் நாட்களில் பிரிக்கச் சொன்னதை எழுத்தாளர் யூ மிரி நாவலாகவே எழுதியிருக்கிறார். ஆனால் இது திறந்த இடத்தின் குற்றமில்லை. அதை யாருக்குத் திறப்பது என்று முடிவு செய்கிறவர்களின் குற்றம். செர்ரி பூக்கும் வாரத்தில் குடும்பங்கள் மரத்தடியில் விரித்து உட்கார்வது நீலத் தார்ப்பாய். வீடற்றவர்கள் கூரையாகக் கட்டியதும் அதே நீலத் தார்ப்பாய்தான். ஒன்றைப் பண்டிகை என்கிறார்கள், மற்றதை ஆக்கிரமிப்பு என்கிறார்கள்.